சிவப்பா, நீலமா

பிப்ரவரி. யமகத்தா மலையடியில் ஒரு தொடக்கப்பள்ளி.
பனி கீழ்த்தளச் சன்னலின் பாதிவரை ஏறி
உள்ளே என்ன பாடம் என்று எட்டிப் பார்க்கிறது.
இந்த நாட்டில் பேய்க்கதைக்கு ஆகஸ்ட்தான் பருவம்,
வியர்க்கிற முதுகு கொஞ்சம் சில்லிடட்டும் என்று.
குளிர்காலத்தில் பேய்களை யாரும் தேடுவதில்லை.
ஏற்கெனவே எல்லோருக்கும் நடுங்குகிறது.

வடக்குக் கட்டடம், இரண்டாம் மாடிக் கழிப்பறை,
இன்றைய துப்புரவு முறை: ஆறாம் வகுப்பு தொமோயே.
போன மாதம்தான் வந்து சேர்ந்தவள்.
கூட நிற்க வேண்டிய மூன்று பேரும்
வாளியை அவள் கையில் திணித்துவிட்டு
மூன்றாவது கதவைப் பற்றி மட்டும் சொல்லாமல் ஓடிப்போனார்கள்.

தட்டினாள்.
உள்ளே ஒரு குரல், தண்ணீருக்கு அடியிலிருந்து:
"சிவப்புக் காகிதம் வேண்டுமா?
நீலக் காகிதம் வேண்டுமா?"

சிவப்பு என்றால் உடம்பெல்லாம் ரத்தம்.
நீலம் என்றால் உடம்பில் ரத்தமே இல்லை.
அறுபது வருடமாக இவ்வளவுதான் மெனு.

தொமோயே அலமாரியைத் திறந்து பார்த்தாள்.
"ரெண்டும் ஸ்டாக் இல்லையே.
வெள்ளைதான். மறுசுழற்சி. ஒற்றை மடிப்பு."

எங்கோ ஒரு குழாய் சொட்டியது.

"...இல்லையா?"

"படிவம் எழுதிப் போடலாம். எத்தனை ரோல்?"
"இதுவரை யாரும் எண்ணிக்கை கேட்டதில்லை" என்றது குரல்.
"நோக்கம் என்று ஒரு கட்டம் இருக்கிறது."
"கொலை."
'அன்றாடப் பயன்பாடு' என்று எழுதிக்கொண்டாள்.

படிவம் நான்காம் நாள் திரும்பி வந்தது,
துணைத் தலைமையாசிரியர் நிகைதோவின் வட்ட முத்திரையோடு:
இந்த நிதியாண்டில் இயலாது. ஏப்ரலில் பார்க்கலாம்.

பேய் அழுதால் எப்படி இருக்கும் தெரியுமா?
சென்சார் வைத்த கழிப்பறை மூடிகள் ஐந்தும்
ஒன்றாகத் திறந்தன, ஒன்றாக மூடின,
திறந்தன.
"இந்த மூடிகள் வந்த நாளிலிருந்தே
என் பிழைப்பில் மண்" என்றது.
"தானாகத் திறக்கிற எதற்கும் பிள்ளைகள் பயப்படுவதில்லை.
மாடிப்படியில் பதின்மூன்றாவது படியாக இருந்தவன்
சாய்தளம் போட்டதும் வேலை இழந்தான்.
அறிவியல் அறை எலும்பு மனிதன் மட்டும்
ராத்திரி ராத்திரி ஓடுகிறான், மூட்டுவலிக்கு நல்லதாம்."

தொமோயே மறுநாள் ஓவிய அறைக்குப் போனாள்.
ஒரிகாமிக் காகிதப் பெட்டி.
சிவப்பு, நீலம் எல்லாம் கொக்குகளாகிக்
கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தன.
அடியில் மிச்சம் ஒரே ஒரு தங்க நிறத் தாள்.
ஒவ்வொரு கட்டிலும் ஒன்றுதான் வரும்;
பிறகு மடிக்கலாம் என்று எல்லோரும் ஒளித்துவைத்து
யாரும் மடிக்காமலே மறந்துபோகிற தாள்.

மூன்றாவது கதவு. தட்டினாள்.
"சிவப்பா... நீலமா..." குரலில் சுரத்தே இல்லை.
"நீங்கள் கேட்டால் நன்றாக இருக்கிறது" என்றாள் தொமோயே.
"இந்தப் பள்ளியில் ஒரு மாதமாக
என்ன வேண்டும் என்று என்னை யாரும் கேட்கவில்லை."

பிறகு தாளைக் கதவுக்கு அடியில் தள்ளினாள்.
"தங்கம்."

உள்ளே காகிதம் சலசலத்தது.
விளக்கு ஒருமுறை சிமிட்டியது.
ரொம்ப நேரம் கழித்து,
சங்கடமாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு:

"தங்கத்துக்கு எப்படிக் கொல்வது என்று
எங்கள் வழக்கத்தில் இல்லை.
எலும்பு மனிதனைக் கேட்க வேண்டும்.
அவனுக்கு ஈரல் தொலைந்து ஏழு வருடம்,
ஆனாலும் நல்ல யோசனை சொல்வான்.
இசை அறைப் பியானோவையும் கூப்பிட்டு
கூட்டம் போட்டு முடிவெடுக்க நாளாகும்.

அதுவரை உயிரோடு இரு.
வியாழக்கிழமை வா.
வரும்போது கொஞ்சம் பசை."